பாலைவெளிச் சிற்பங்களும் பாதுகாத்தல் என்னும் அறமும்

கலைப்படைப்பொன்றைப் பேணிக் காத்தல் நற்செயல் என்பதும், அதனை அழியவிடல் குற்றம் என்பதும் பெரும்பாலும் ஆராய்வின்றி ஏற்கப்படும் கருத்துக்களாகும். நூதனசாலை, சுவடிக்கூடம், தொல்பொருட் திணைக்களம் ஆகியன யாவும் இக்கருத்தை அத்திவாரமாகக் கொண்டே எழுந்தவை. காலத்தை வெல்வதே கலையின் இலக்கணம் என்று கூறுவாரும் உளர். ஆனால், படைத்தவனே தன் படைப்பை வெயிலுக்கும் காற்றுக்கும் என்று விட்டுச் சென்றிருப்பின், பின்வந்தோரின் கடமை யாது? அவன் விருப்பத்தை மதித்து அப்படைப்பை அழியவிடுவதா, அன்றி அவன் விருப்பத்தை மீறி அதனைக் காப்பதா? இவ்வினா வெறும் தருக்க விளையாட்டன்று. பலகை ஒன்று கழன்று விழும்போது அதனைத் திரும்ப ஆணியடித்துப் பொருத்துவதா இல்லையா என்று யாரோ ஒருவர் சுத்தியலும் கையுமாக நின்று தீர்மானிக்க வேண்டியுள்ளது.

ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலத்தில், லொஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குக் கிழக்கே ஏறத்தாழ 200 கிலோமீற்றர் தொலைவில், மொஹாவிப் பாலைவனத்திலே ஜோசுவா ட்ரீ என்னும் சிற்றூர் உள்ளது. சனிக்கிழமை காலையிற் காரிற் புறப்படுவோர் நண்பகலுக்கு முன்னரே அங்கு சென்று சேரலாம். நெடுஞ்சாலையை விட்டு விலகி, மணற்பாதைகள் சிலவற்றைக் கடந்தால், நுழைவுச்சீட்டோ வாயிற்காவலரோ இல்லாத பத்து ஏக்கர் நிலமொன்று எதிர்ப்படும். அந்நிலத்தில் நிற்பவை பழைய சைக்கிள்கள், மலசலகூடக் கிண்ணங்கள், ரயர்கள், கணனியின் உதிரிப்பாகங்கள், தகரத் தகடுகள், உடைந்த தளபாடங்கள், கந்தல் துணிகள் ஆகியவற்றால் ஆக்கப்பெற்ற நூற்றுக்கு மேற்பட்ட படைப்புக்கள். கோடையில் வெப்பம் 40 பாகை செல்சியசைத் தாண்டும். மாரிக்கால இரவுகளில் நீர் உறையும். இவ்விரண்டுக்குமிடையில் ஒட்டுப்பலகையின் படைகள் ஒன்றையொன்று விட்டுப் பிரிகின்றன. வர்ணம் வெளிறுகின்றது, துணி நூலாகின்றது, இரும்பு துருவேறுகின்றது. வார இறுதியில் வருவோர் மூன்று மணிநேரம் நடந்து பார்த்து, புகைப்படங்கள் எடுத்து, பொழுது சாயுமுன் திரும்பிச் செல்கின்றனர்.

இவற்றைப் படைத்தவர் நோவா பியூரிபோய். 1917இல் அலபாமா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில், நிறவொதுக்கற் சட்டங்கள் கோலோச்சிய காலத்தில், கறுப்பின மக்களிடையே பிறந்தவர். ஆசிரியப் பயிற்சியும் சமூகப்பணித் துறையில் முதுமாணிப் பட்டமும் பெற்ற பின்னரே, ஏறத்தாழ நாற்பது வயதில், லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிற் கலைக்கல்வியை முடித்தார். கலைஞராவதற்கு முன்னர் சமூகப்பணியாளராக விளங்கினார் என்பது அவரது வரலாற்றிற் சிறு விபரம் போலத் தோன்றினும், இக்கட்டுரையின் வினாவுக்கு அதுவே பெரிதும் வேண்டப்படுவது.

1964இல் அவர் வொட்ஸ் என்னும் பகுதியில் அமைந்த கலை நிலையத்தின் முதற் பணிப்பாளர்களுள் ஒருவரானார். வொட்ஸ் கறுப்பின மக்கள் செறிந்து வாழ்ந்த, வறுமையும் வேலையின்மையும் மிக்க பகுதி. 1965 ஓகஸ்ட் மாதத்தில் அங்கு கிளர்ச்சி வெடித்தது. ஆறு நாட்கள் நீடித்த அக்கலவரத்தில் 34 பேர் இறந்தனர், கடைத்தெருக்கள் எரிந்தன, சொத்திழப்பு 4 கோடி டொலர் அளவினது எனக் கணிக்கப்பெற்றது. சாம்பல் ஆறு முன்னரே பியூரிபோயும் அவருடைய தோழர்களும் வீதிகளிலிருந்து மூன்று தொன் அளவான எரிந்த பொருள்களைச் சேகரித்தனர். கருகிய மரம், உருகி உறைந்த உலோகம், தீயில் உருக்குலைந்த விளம்பரப் பலகைகளின் கண்ணாடி ஆகிய இவற்றைக்கொண்டு ஆக்கப்பெற்ற 66 படைப்புக்கள் 1966இல் காட்சிக்கு வைக்கப்பட்டு, பின்னர் நாட்டின் வேறு பல இடங்களுக்கும் கொண்டுசெல்லப்பட்டன. அவற்றை அழகுப் பொருள்களாக மட்டும் நோக்கியோர் நோக்கத்தைத் தவறவிட்டனர் எனலாம். எரிந்த பொருளைக் கையிலெடுத்து மற்றொன்றாக ஆக்குபவனிடத்து நிகழும் மாற்றமே பியூரிபோய்க்கு முக்கியமாகப்பட்டது. பொருள் அதற்கு ஒரு கருவியே.

பின்னர் அவர் கலிபோர்ணியாக் கலைப் பேரவையில் 1976 தொடக்கம் பதினொரு ஆண்டுகள் கடமையாற்றினார். சிறைச்சாலை முதலிய நிறுவனங்களுக்குக் கலைஞர்களை அனுப்பும் திட்டங்களில் ஈடுபட்டிருந்த அந்நாட்களில் அவர் தாமாகப் படைத்தது மிகக் குறைவு. 1989இல், நகரின் வாடகையைத் தாங்கவியலாத நிலையில், எழுபத்திரண்டு வயதில், ஜோசுவா ட்ரீயிற் குடியேறினார். 2004இல் இறக்கும்வரை பதினைந்து ஆண்டுகள் அவ்வெளியில் உழைத்தார். வெயிலும் காற்றும் தம் படைப்புக்களை மாற்றுவதை அவர் குறையாகக் கருதவில்லை. இயற்கையைத் தம் வேலையின் பங்காளியாகவே ஏற்றுக்கொண்டார்.

அவர் வந்து சேர்ந்த இடம் ஏன் அவருக்கு மலிவாகக் கிடைத்தது என்பதும் சிந்திக்கத்தக்கது. 1938ஆம் ஆண்டுச் சட்டமொன்றின் கீழ், வேறெதற்கும் உதவாத நிலமெனக் கருதப்பட்ட இப்பாலைப் பகுதியை ஐந்தைந்து ஏக்கராகப் பகிர்ந்து வழங்க அமெரிக்க அரசு முன்வந்தது. செரானோ, செமெஹுவேவி முதலிய ஆதிகுடிகள் அங்குள்ள நீரூற்றைச் சார்ந்து நெடுங்காலம் வாழ்ந்திருந்தனர் என்பது அக்கணக்கில் இடம்பெறவில்லை. பாலைக்கெனத் தனி நிலமொன்றைத் தொல்காப்பியர் கூறாது விட்டதும், முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்த நிலையே பாலை எனச் சிலப்பதிகாரம் கொண்டதும் தமிழ் மாணவர் அறிந்தவை. பாலை என்பது ஓர் இடமன்று, ஒரு நிலை என்னும் அக்கருத்து, அதன் புலவர்கள் கனவிலும் கண்டிராத மொஹாவிக்கும் ஒருவகையிற் பொருந்துகின்றது. வெறுமை அங்கு இயற்கையாக இருந்ததைவிட, வெறுமை என்று பெயரிடப்பட்டதே மிகுதி. நகரத்தில் இடமற்றுப்போன பொருள்களும் நகரத்தில் இடமற்றுப்போன ஒரு கலைஞரும் அவ்வாறு பெயரிடப்பட்ட நிலத்திற் சந்தித்தமை தற்செயல் அன்று.

இனி வினாவுக்கு வருவோர், படைத்தவனின் விருப்பமே இறுதியானது என்னும் கட்சியை முதலில் எதிர்கொள்ள நேரிடும். அக்கட்சியின் வாதம் எளிது. தன் உழைப்பின் பயனை விட்டுக்கொடுக்கும் உரிமை உழைத்தவனுக்கு உண்டு. இறந்தவனின் சொல்லை மீறுதல் அவனை அவமதித்தலாகும். சிதைவே படைப்பின் ஒரு கூறாயின், சிதைவைத் தடுப்பது ஓவியமொன்றின் பாதியை அழிப்பதற்கு ஒப்பாகும். இவ்வாதத்திற்கு வலிமையுண்டு. ஆயினும் அது ஒன்றை எடுத்துக்கொள்கின்றது: அழிப்பது இயற்கை, இயற்கை எவர் பக்கமும் சாராதது என்பதே அது.

யூற்றா மாநிலத்துப் பெரும் உப்பேரியில் றொபேட் சிமித்சன் 1970இல் அமைத்த சுருள் இறங்குதுறையின் வரலாறு இவ்விடத்தில் உதவும். கருங்கல்லும் மண்ணும் கொண்டு ஏரிக்குள் ஏறத்தாழ 460 மீற்றர் நீளத்துக்குச் சுருளாகச் செல்லும் அப்படைப்பின் ஆசிரியர், ஒழுங்கு குலைந்து சிதையும் இயற்கையின் போக்கிற் பெரிதும் ஈடுபாடு கொண்டவர். 1973இல், முப்பத்தைந்தாவது வயதில், விமான விபத்தில் இறந்தார். அதற்கு முன்னரே ஏரி உயர்ந்து இறங்குதுறையை மூடியது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள், இடையிடையே தலைகாட்டியதன்றி, அது நீரின் கீழ்க் கிடந்தது. இவ்வளவும் கலைஞர் உடன்பட்ட இயற்கை எனலாம். ஆனால் 2002ஐ ஒட்டி அது வெளிப்பட்டதும், பின்னர் நீர்விளிம்பு அதனை விட்டு வெகுதூரம் விலகிச் சென்றதும் வரட்சியால் மட்டும் நிகழவில்லை. ஏரிக்கு வரவேண்டிய ஆற்றுநீர் விவசாயத்துக்கும் நகரங்களுக்கும் திருப்பப்பட்டமை பெருங் காரணமாகும். 2022இல் ஏரி பதிவுகளிற் கண்டறியாத தாழ்ந்த மட்டத்தை அடைந்தது. சிமித்சன் உடன்பட்டது இயற்கையின் செயலுக்கு. நிகழ்ந்ததோ மனிதரின் நீர்ப்பங்கீட்டுக் கொள்கை. ஒருவன் அளித்த சம்மதம் அவன் அறியாத வேறொன்றுக்கும் செல்லுபடியாகுமா? வெயிலையும் மழையையும் மனிதர் மாற்றிவிட்ட ஒரு காலத்தில், 'இயற்கைக்கு விட்டுவிடுவோம்' என்பது கையைக் கழுவும் வாய்ப்பாடாகவும் அமையக்கூடும்.

எதிர்க்கட்சியினர், படைப்பு பொதுச்சொத்து ஆதலின் அதனைப் புதுப்பித்தல் வேண்டும் என்பர். பலகை உக்கினால் வேறு பலகை. துணி கிழிந்தால் வேறு துணி. பலகைகள் ஒவ்வொன்றாக மாற்றப்பட்ட தீசியசின் கப்பல் அதே கப்பல்தானா என்னும் பழைய கிரேக்க வினா இங்கு எழுகின்றது. எல்லாப் பொருள்களுக்கும் இதற்கு ஒரே விடை இல்லை. யப்பானின் ஈசே ஆலயம் இருபது ஆண்டுகளுக்கொருமுறை புதிதாகக் கட்டப்படுகின்றது; தமிழர் கோயில்களும் குடமுழுக்குத்தோறும் புதுப்பிக்கப்படுகின்றன. அவற்றை எவரும் போலி என்பதில்லை. வழிபாடு தொடரும் இடத்தில், பொருள் மாறினும் கோயில் மாறுவதில்லை. ஆனால் பியூரிபோயின் படைப்பிற் பொருளே கருத்து. வொட்ஸ் வீதியில் எரிந்த மரத்துண்டு உக்கிப்போனதென்று வேறொரு மரத்தை எரித்து அவ்விடத்தில் வைப்பவன் பாதுகாவலன் அல்லன். பொய்ச்சாட்சி உற்பத்தி செய்பவன். எரிந்த கட்டடங்களைத் தன்னிடையே கொண்டிருந்த எந்தச் சமூகத்துக்கும் இவ்வேறுபாட்டை விளக்கவேண்டியதில்லை.

சாட்சியம் என்னும் சொல் வந்துவிட்டமையால், ஜோசுவா ட்ரீயில் உள்ள ஒரு படைப்பின்முன் சற்று நிற்றல் தகும். இரண்டு குடிநீர்த் தொட்டிகள் அடுத்தடுத்து உள்ளன. ஒன்றின்மேல் 'வெள்ளையர்' என்றும் மற்றொன்றின்மேல் 'நிறத்தவர்' என்றும் எழுதப்பட்டுள்ளது. முதலாவது சாதாரணக் குடிநீர்க் கருவி. இரண்டாவது மலசலகூடக் கிண்ணம். அலபாமாவிற் பிறந்து வளர்ந்த ஒருவர் தமது எண்பதாம் வயதைத் தாண்டிய பின்னர் அதனைச் செய்தார். அதனைக் காணும் இளைஞன் முதலிற் சிரிக்கின்றான். அச்சிரிப்பு வாய்க்குள்ளேயே நின்றுவிடுகின்றது. இப்படைப்பின் எழுத்துக்கள் வெயிலில் மங்குவதையும், சைக்கிட் சிற்பம் ஒன்றின் வர்ணம் மங்குவதையும் ஒரே தராசில் நிறுக்கலாமா? தன் கைத்திறனை விட்டுக்கொடுக்கக் கலைஞனுக்கு உரிமையுண்டு. அந்தத் தண்ணீர்க் குழாய்களின்முன் அவமதிக்கப்பட்ட பல இலட்சம் பேரின் சாட்சியத்தை விட்டுக்கொடுக்கும் உரிமை அவருக்கும் உண்டோ? அநீதியை நினைவூட்டும் பொருள் தானாக மங்குவது அநீதியிழைத்தோருக்கு மிகவும் வசதியானது. அவர்கள் எதனையும் உடைக்க வேண்டியதில்லை, காத்திருந்தாற் போதும்.

எனினும் இதற்கு மறுதலையும் உண்டு. 2015இல் லொஸ் ஏஞ்சல்ஸ் மாவட்டக் கலை நூதனசாலை பியூரிபோயின் படைப்புக்களுக்குப் பெருங் கண்காட்சியொன்றை நடத்தியபோது, பாலைவெளியிலிருந்தும் சில படைப்புக்கள் அங்கு கொண்டுசெல்லப்பட்டன. குளிரூட்டிய மண்டபத்தில், வெண்சுவரின்முன், அளவான ஒளியில் நிற்கும் பொருள் பாதுகாப்பாக இருக்கின்றது என்பதில் ஐயமில்லை. ஆனால் பாதுகாக்கப்பட்ட பொருள் முடிந்துபோன பொருளாகவும் தோற்றமளிக்கத் தொடங்குகின்றது. 'இப்படியும் ஒரு காலம் இருந்தது' என்று பார்வையாளன் நிம்மதியுடன் நகர்கின்றான். பாலைவெளியில் அதே பொருள் இன்னும் வெயிலில் நின்று வதைபடுகின்றது; அதனைப் பார்ப்பவனும் அதே வெயிலில் நிற்கின்றான். மறக்கச் செய்தலும் பேணலின் ஒரு விளைவாகலாம் என்பதை நூதனசாலைகளின் வரலாறு பலமுறை காட்டியிருக்கின்றது.

பியூரிபோயின் முதல் நிலையமான வொட்ஸ் கலை நிலையத்தின் அருகிலேயே இப்பிரச்சினைக்குப் பெறுமதிமிக்க உதாரணமொன்று நிற்கின்றது. இத்தாலியிலிருந்து குடிபெயர்ந்த கூலித் தொழிலாளியான சைமன் றோடியா, 1921 தொடக்கம் முப்பத்துமூன்று ஆண்டுகள் தனித்து உழைத்து, உருக்குக் கம்பியும் சாந்தும் உடைந்த பீங்கானும் போத்தல் ஓடும் கொண்டு, ஏறத்தாழ 30 மீற்றர் வரை உயர்ந்த கோபுரங்களைத் தம் வீட்டுக் காணியில் எழுப்பினார். வேலை முடிந்தபின் காணியை அயலவர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டு ஊரை விட்டே போய்விட்டார்; திரும்பி வந்து பார்க்கவும் இல்லை. மாநகரசபை கோபுரங்களை ஆபத்தானவையெனக் கூறி இடிக்க உத்தரவிட்டது. அவற்றைக் காக்கத் திரண்டோர் 1959இல் ஒரு சோதனைக்கு உடன்பட்டனர்: கோபுரத்தைக் கம்பியாற் பிணைத்து, 10,000 இறாத்தல் விசையுடன் இழுப்பது. கோபுரம் அசையவில்லை. இடிக்கும் உத்தரவு கைவிடப்பட்டது. 1965இல் அயலெல்லாம் எரிந்தபோதும் கிளர்ச்சிக்காரர் எவரும் அவற்றைத் தீண்டவில்லை.

இங்கு கவனித்தற்குரியது, கோபுரங்களைக் காத்தோர் படைத்தவனின் சித்தத்தை ஆராய்ந்துகொண்டிருக்கவில்லை என்பதே. றோடியாவின் பற்றின்மையை அவரது இறுதி விருப்பமாகக் கொண்டிருந்தால் இன்று அவ்விடத்திற் கோபுரம் எதுவும் நின்றிராது. அவற்றின் நிழலில் விளையாடி வளர்ந்த சிறுவர்களுக்கு அவற்றின்மேல் ஓர் உரிமை பிறந்திருந்தது. படைத்தவன் கொடுத்ததுமன்று, அவனால் மறுக்கக்கூடியதுமன்று. காக்கும் கடமை உண்டெனில் அது இத்தகைய உறவிலிருந்தே பிறக்கின்றது. பொருளின் அருமையிலிருந்தோ கலைஞனின் புகழிலிருந்தோ அன்று. இவ்வகையில் நோக்கின், பியூரிபோயின் பாலைவெளி பற்றிய தீர்ப்பை வழங்கவேண்டியோருள் வொட்ஸ் மக்களும் அடங்குவர். வார இறுதியில் வந்து போகும் பயணிக்கோ, தொலைவிலிருந்து நூல்வழி அறியும் மாணவனுக்கோ அத்தகைய உரிமை எளிதில் வாய்த்துவிடாது.

இவ்விடத்தில் பொருளாதாரத்தை மறந்து அழகியல் பேசுவது நேர்மையாகாது. சிதைவின் தத்துவத்தை உச்சரிப்போர் எல்லோருடைய படைப்புக்களையும் சிதையவிடுவதில்லை. மைக்கல் ஹைசர் என்பவர் 1969-70இல் நெவாடாவின் மேட்டுநிலம் ஒன்றில் 240,000 தொன் பாறையை அகழ்ந்து இரு பெரும் பள்ளங்களை ஆக்கினார். அவை இயற்கையோடு கலந்து தூர்ந்துபோகலாம் என்பதே அன்றைய எண்ணம். பக்கச் சுவர்கள் சரியத் தொடங்கிய பின்னர் அவற்றைச் சீர்செய்யும் விருப்பம் அவரிடமே எழுந்தது. ஐம்பது ஆண்டுகள் உழைத்து, ஏறத்தாழ 4 கோடி டொலர் செலவில் அவர் முடித்த 'நகரம்' என்னும் மற்றொரு பாலைவெளிப் படைப்பு 2022இற் பார்வையாளருக்குத் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு ஆறு பேர் மட்டுமே அனுமதிக்கப்படுவர். பராமரிப்புக்கென அறக்கட்டளையும் முதலும் உள்ளன. 1965இல் வொட்ஸ் இழந்ததாகக் கணிக்கப்பட்டதும் 4 கோடி டொலரே. இடைப்பட்ட காலத்தில் டொலரின் பெறுமதி பெரிதும் குறைந்துவிட்டமையால் இவ்வொப்பீடு கணக்கியலாருக்கு ஏற்புடையதன்று. ஆயினும் நினைவிலிருந்து அகல மறுக்கின்றது. ஒருவருடைய கல்லும் சீமெந்தும் நூற்றாண்டுகளைக் கருதிக் காக்கப்பட, மற்றொருவருடைய ஒட்டுப்பலகை உக்குவதைத் தத்துவமாகப் போற்றுவதில், தத்துவத்தின் பங்கு எவ்வளவு, பணமின்மையின் பங்கு எவ்வளவு என்று பிரித்தறிதல் வேண்டும். பியூரிபோய் சிதைவை ஏற்றுக்கொண்டார் என்பது உண்மை. வேறு வழி அவருக்குத் திறந்திருந்ததா என்பது வேறு வினா. ஏழையின் துறவைத் துறவென்று புகழுமுன் அவன் துறந்தது எதனை என்று கேட்க வேண்டியுள்ளது.

புகைப்படம் எடுத்தும் அளவுகளைக் குறித்தும் பதிவுசெய்துவிட்டுப் பொருளை அதன் போக்கில் விடலாம் என்று நடுவழி ஒன்றைச் சிலர் கூறுவர். நியாயமான வழியே. குடிநீர்த் தொட்டிகளின் எழுத்துக்களை மட்டும் காலந்தோறும் மீள எழுதலாம், மற்றவற்றை வெயிலுக்கு விடலாம் என்று கூறுவதும் தகும். சாட்சியத்தையும் கைத்திறனையும் வேறுபடுத்தும் மேற்கூறிய வாதம் இம்முடிவுக்கே இட்டுச்செல்கின்றது. ஆனால் அவ்விரண்டும் ஒரே பலகையில் ஒட்டிக்கிடக்கும் படைப்புக்களே அவ்வெளியில் மிகுதி. எரிந்த பொருளைக் கையிலெடுப்பவன் மாறவேண்டும் என்று முயன்ற சமூகப்பணியாளருக்கு, தூரிகையுடன் அவ்வெழுத்தை மீள எழுதவரும் இருபது வயதுக் கை, பழைய வர்ணத்தைவிட முக்கியமாகப் பட்டிருக்கும். அக்கை வொட்ஸிலிருந்து வருமாயின், எழுத்தின் வடிவம் சற்றுப் பிசகினும், அவர் அதனைக் குற்றமாகக் கொண்டிருக்கமாட்டார்.